பூவிலேயே விற்ற காய்: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு குடும்பக் கணக்கு

2025 மாட்டுப் பொங்கல் அன்று, மாடுகளின் கொம்புக்கு வர்ணம் பூசி முடித்த கையோடு மாமா என்னை மாமரத்தடிக்குக் கூப்பிட்டார். "மாப்ள, ஒரு அம்பதாயிரம் புரட்ட முடியுமா? பையனுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டணும்." அக்காவைக் கட்டிக்கொடுத்து 24 வருடம் ஆகிறது. அவர் என்னிடம் பணம் கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: வீட்டுக் கணக்கு மொத்தத்தையும் என்னிடம் காட்ட வேண்டும்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுபவன். ஊரில் பாதிப் பேருடைய வரவு செலவு எனக்குத் தெரியும். அக்கா வீட்டுக் கணக்கை மட்டும் பார்த்ததே இல்லை. பார்த்ததை இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், கம்பெனி எதுவும் வரக்கூடாது என்பது அக்காவின் கட்டளை.

குடும்பம்

மாமா பிறந்தது 1973. 1998 முதல் ஓசூரில் தொழிற்சாலை வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ். அக்கா ஆறு வயது இளையவர், 2001-ல் திருமணம். மகள் 2003, மகன் 2006. மாமாவின் அம்மா, எனக்கு அத்தை முறை, கூடவே இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி. இரண்டு கறவை மாடு.

சம்பளம் பிடித்தம் போக 31,500. பால் பணம் தீவனச் செலவு போக மாதம் 4,500. மாமர குத்தகை வருடத்துக்கு 45,000. தீபாவளி போனஸ் 20,000. வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் வருகிறது. எங்கள் பக்கத்தில் இது கஷ்டப்படும் குடும்பம் இல்லை.

மஞ்சப்பையும் மொய் நோட்டும்

அக்காவுக்குத் தினசரி காலண்டர்தான் கணக்கு நோட்டு. கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, மாதவாரியாக கிளிப் மாட்டி வைத்திருக்கிறார். "பால் 2140. தவிடு 1350. மாமாவிடம் 500 (பெட்ரோல்னு சொன்னார்)." அந்த அடைப்புக்குறியிலேயே ஒரு தணிக்கைக் குறிப்பு இருக்கிறது. அடகு ரசீதுகள் சாமி அலமாரிக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பையில் இருந்தன. மேலே இருந்த ரசீதில் மொத்த எடை 66.4 கிராம், நிகர எடை 64 கிராம் என்று இருந்தது. எட்டுப் பவுன். அதற்கடியில் அதே எட்டுப் பவுனுக்கு இன்னும் இரண்டு பழைய ரசீது.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கடன்களை எழுதினேன். தனியார் அடகில் நகைக் கடன் 3,10,000, வட்டி 18 சதவீதம். கைமாற்று 1,50,000, நூற்றுக்கு இரண்டு வட்டி. வருடக் கணக்கில் 24 சதவீதம். மகனுக்கு வாங்கிய பைக்கில் பாக்கி 78,000. எடுத்துவிட்ட ஏலச்சீட்டில் கட்ட வேண்டியது 45,000. மகளிர் குழுக் கடன் 40,000. மொத்தம் 6,23,000.

அப்புறம் மொய் நோட்டைக் கேட்டேன். "அது எதுக்குடா, அது கடனா?" என்றார் அக்கா. 2016-ல் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வந்த மொய் 1,86,000. பேர் பேராகத் திருப்பியது போக நிற்பது 1,12,000. எங்கள் மாவட்டத்தில் மொய் என்பது வட்டி என்று பேர் சொல்லாத சீட்டு. போட்டதற்கு மேல் கொஞ்சமாவது சேர்த்துத்தான் திருப்ப வேண்டும், எப்போது என்பதை எதிராளியின் வீட்டு விசேஷம் தீர்மானிக்கும். நாற்பது, ஐம்பது வயதில், கூடப் படித்தவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் வரிசையாகக் கல்யாணம் வரும்போது இந்தக் கடன் ஒரே நேரத்தில் முதிர்கிறது. இவர்கள் வீட்டில் வருடத்துக்கு 28,000 போகிறது. அதையும் பட்டியலில் சேர்த்தேன். 7,35,000.

செலவைக் கூட்டினால் வருடத்துக்கு 5,80,000. வரவு 4,97,000. துண்டு 83,000. இது எப்படி இத்தனை நாள் ஓடியது? மஞ்சப்பையிலேயே பதில் இருந்தது. 2022 ஜூனில் எட்டுப் பவுனை வைத்து வாங்கியது 1,80,000. 2023-ல் திருப்பாமலே மாற்றி வைத்து 2,40,000. 2024-ல் மறுபடி மாற்றி 3,10,000. பவுன் விலை ஏற ஏற, அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைத்தது. வட்டியைக்கூட அந்தப் புதுக் கடனிலிருந்தே கட்டியிருக்கிறார்கள். நகை விலை ஏறியதைக் குடும்பம் லாபம் என்று நினைத்தது. ஏறியது கடன்.

கூடவே ஒரு நம்பிக்கையும் இருந்தது. 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை வைத்திருந்த நகைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. பக்கத்து வீட்டில் நகை திரும்பி வந்தது. அதிலிருந்து "இன்னொரு தள்ளுபடி வரும்" என்ற பேச்சு ஊரில் அடங்கவே இல்லை. தனியார் அடகுக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கே தொடங்கியது

மாம்பழ ஊர்க்காரர்களுக்குப் பூக் குத்தகை தெரியும். தை மாதம் மரம் பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து முன்பணம் கொடுப்பார். அவசரக்காரர் பூவிலேயே விற்றுவிடுவார். பொறுத்தவர் பிஞ்சு பார்த்து விலை பேசுவார். இந்த வீட்டின் 25 வருடக் கணக்கைப் பார்த்தால், ஒவ்வொரு பருவத்திலும் அடுத்த பருவத்தின் காயைப் பூவிலேயே விற்றிருக்கிறார்கள்.

முதல் விற்பனை 2009-ல், வீடு கட்டும்போது. ஷீட் வீட்டை இடித்துத் தார்சு போட 3 லட்சம் தேவைப்பட்டது. வங்கிக்குப் போனார். பட்டா தாத்தா பேரில் இருந்தது. சித்தப்பாமார்களோடு பாகப்பிரிவினை ஆகவில்லை. வங்கி கடன் தரவில்லை. இரண்டு வட்டிக்கு வாங்கினார். மாதம் 6,000 வட்டி மட்டும், ஆறு வருடம்: 4,32,000. அசல் அப்படியே நின்றது. அதே 3 லட்சம் வங்கியில் 10 சதவீதத்துக்கு, 15 வருடத்துக்குக் கிடைத்திருந்தால் அசலும் வட்டியும் சேர்த்தே மாதத் தவணை 3,225 ரூபாய்தான். ஒரு பட்டாவை மாற்றாததற்கு இந்தக் குடும்பம் கொடுத்த விலை இது. பாகப்பிரிவினை கடைசியில் 2019-ல்தான் நடந்தது. கல்யாணமான கையோடு செய்ய வேண்டிய வேலை எது என்று யாராவது என்னைக் கேட்டால், சேமிப்புக்கு முன்னால் பட்டா என்பேன்.

இரண்டாவது, 2012. பழைய கம்பெனி மூடியது. மாமா 14 வருட பி.எஃப். பணம் 2,10,000-ஐ எடுத்தார். ஐந்து மாதம் வேலையில்லை. 70,000 சாப்பாட்டுக்குப் போனது. அதில் தவறு சொல்ல எனக்கு வாயில்லை. மிச்சம் 1,40,000-க்குத் தோப்பில் போர் போட்டார். 700 அடி. தண்ணீருக்குப் பதில் புகை மாதிரி மண் தூசிதான் எழும்பியது. "வண்டிக்காரன் இன்னும் அம்பது அடி போலாமான்னு கேட்டான் மாப்ள. அம்பது அம்பதா மூணு தடவை கேட்டான்" என்றார் மாமா. அந்தப் பள்ளம் இன்னமும் ஒரு கல்லால் மூடிக் கிடக்கிறது.

அந்த 2,10,000 பி.எஃப்.பிலேயே இருந்திருந்தால் வருடாவருடம் அறிவித்த வட்டியில் இன்று ஆறு லட்சம் ஆகியிருக்கும் என்று முதலில் கொஞ்சம் பெருமையாகவே கணக்குப் போட்டேன். பிறகுதான் உறைத்தது, நானும் தப்பாகப் பார்க்கிறேன் என்று. அப்போது வீட்டில் 24 சதவீத வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. எட்டரை சதவீதம் தரும் பணத்தை எடுத்து 24 சதவீதக் கடனை அடைப்பது சரியான வேலைதான். 2,10,000-ஐ அங்கே கட்டியிருந்தால் அடுத்த மூன்று வருடத்தில் 1,51,200 வட்டி மிச்சம். பி.எஃப்.பை எடுத்ததைவிட, அது போரில் போனதுதான் நஷ்டம்.

2015-ல் அசலை அடைத்த விதம்: மூன்று வருட மாமர குத்தகையை ஒரே முறையாக 1,05,000-க்கு வாங்கி, ஒரு லட்சம் சீட்டை எடுத்து, இரண்டு மாட்டை விற்று. 2016, 2017, 2018-ன் மாங்காய் எல்லாம் 2015-லேயே போய்விட்டது. மொய் வாங்கிய விழா அதற்கு அடுத்த வருடம்தான்.

மகளும் மகனும்

இதுதான் வீட்டில் யாரும் பேச விரும்பாத பகுதி. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021-ல் தொழிற்கல்விக்கும் நீட்டித்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தாள். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டியது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்ததும் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. நான்கு வருடத்தில் அவளுக்காக வீட்டிலிருந்து போனது பஸ் காசும் துணிமணியும்தான்.

மகனும் பத்தாவது வரை அதே அரசுப் பள்ளி. 2022-ல், "பையனாச்சே, நல்ல மார்க் வரணும்" என்று ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு 2,40,000. எட்டுப் பவுன் அடகுக்குப் போனது அதற்குத்தான். கைமாற்று வந்ததும் அதற்குத்தான். அந்த இரண்டு வருடத்தால் அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுத் தகுதியும் போனது. இப்போது தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 1,10,000. பிளஸ் டூ மார்க்கில் மகனுக்கும் மகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மகள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார்.

பைக் கதை சின்னது. ஒரு லட்சம், 24 மாதம், "வெறும் 12 பர்சென்ட் வட்டி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தவணை 5,167. இந்தப் பன்னிரண்டு ஒரு லட்சத்துக்கும் இரண்டு வருடமும் முழுசாகப் போட்ட வட்டி. மாதாமாதம் அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி 21.6 சதவீதம்.

நடுவில் மாட்டிய வருமானம்

மாமா சம்பளம் 2019-ல் 21,000-ஐத் தாண்டியதும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு நின்றது. 2021-ல் அத்தை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் அப்போது வருடத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். இவர்கள் அதற்கும் மேலே. கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோர் இல்லை. 1,20,000 கையிலிருந்து போனது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் இதே கதை: வருமான வரம்பு 2.5 லட்சம். குழுவில் பாதிப் பேருக்கு ஆயிரம் ரூபாய் வருகிறது, அக்காவுக்கு இல்லை. சலுகைக்கு அதிக வருமானம், ஆஸ்பத்திரிக்குக் குறைந்த வருமானம். இப்படிப்பட்ட வீடு எங்கள் பக்கத்தில் நிறைய.

குழுக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. வீட்டிலிருந்த கடன்களிலேயே வட்டி குறைந்ததும், ஒரு தவணைகூடத் தவறாததும் அந்தக் குழுக் கடன்தான். அதை மட்டும் நான் தொடவில்லை.

செய்தது

பிப்ரவரியில் பவுன் 63,000-ஐ ஒட்டி இருந்தது. அடகில் இல்லாமல் அக்காவிடம் பத்துப் பவுன் இருந்தது. அதில் நாலு பவுன் பழைய சங்கிலியை விற்கச் சொன்னேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அடகு வைத்தால் நகை "இருக்கிறது", விற்றால் போய்விடுகிறது. இந்த வித்தியாசத்தை எந்த வட்டிக் கணக்கும் ஜெயிக்காது. கடைசியில் அக்காவே போன் செய்தார்: "கழிவு அதிகமா போடாத கடையா பாரு."

கையில் வந்தது 2,40,000. கைமாற்று 1,50,000 அன்று மாலையே முடிந்தது. பிராமிசரி நோட்டை வாங்கி என் எதிரிலேயே கிழித்தோம். மீதி 90,000-ஐ நகைக் கடனில் போட்டு, மிச்சம் 2,20,000-க்கு எட்டுப் பவுனையும் 9.5 சதவீத வட்டிக்கு வங்கிக்கு மாற்றினோம். மீட்கவும் மறுபடி வைக்கவும் நடுவில் அரை நாள் பணம் தேவைப்பட்டது. தெரிந்த வியாபாரி ஒருவர் காலையில் கொடுத்து மாலையில் வாங்கிக்கொண்டார். இந்த இரண்டு மாற்றத்தால் மட்டும் வருடத்துக்கு 70,900 வட்டி மிச்சம்.

மகனின் மீதி மூன்று வருடத்துக்குக் கல்விக் கடன் கேட்கச் சொன்னேன். 3,30,000. நான்கு லட்சம் வரை ஈடு தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பூவிலேயே விக்காதேன்னு நீதான் சொன்ன. இது என்ன மாப்ள? பையன் சம்பாதிக்கப் போறத இப்பவே விக்கிறதுதானே?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: ஆமாம், பூதான், ஆனால் அது அவன் மரத்துப் பூ. இத்தனை நாள் அவன் படிப்புக்கு விற்றது அக்காவின் நகையையும் உங்கள் வயோதிகத்தையும். மாமா முழுசாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருடக் கட்டணத்திலிருந்து கடன் கிடைத்தது.

மாமாவின் பி.எஃப். பக்கத்தைத் திறந்தபோது இன்னொரு விஷயம் வெளிவந்தது. 2012-ல் எடுத்தது வருங்கால வைப்பு நிதியை மட்டும். பத்து வருடத்துக்கு மேல் சேவை இருந்ததால் ஓய்வூதியப் பகுதியை எடுக்க முடியாது. அந்த 14 வருடமும் செத்துப்போகாமல் எங்கேயோ கிடக்கிறது. படிவம் 10சி கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கி, இப்போதைய கணக்கோடு சேர்க்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு உச்சவரம்புச் சம்பளம் 6,500. அதை 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 1,300. இது சேராவிட்டால் 58 வயதில் அவருக்கு வரப்போகும் ஓய்வூதியம் சுமார் 3,800தான். ஆயிரத்து முந்நூறு சின்னத் தொகை இல்லை.

நாமினியும் போடவில்லை. அவர் இல்லாமல் போனால் பி.எஃப். உறுப்பினருக்கான காப்பீட்டில் ஏழு லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்க வழி இருப்பதே தெரியாது. அன்றிரவே ஆன்லைனில் அக்கா பெயரைப் போட்டோம். வருடம் 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் தரும் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும்; மாமாவுக்கு 51. அக்காவை மட்டும் சேர்த்தோம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இருவருக்கும்.

ஒரு வருடம் கழித்து

எதிர்பார்த்தபடி எல்லாம் நடக்கவில்லை. 2025 கோடையில் தோத்தாபுரி விலை தரைதட்டியது. குத்தகைக்காரர் 15,000 முன்பணத்தோடு போனவர் திரும்பவில்லை. பறிகூலிக்குக்கூடத் தேறாது என்று காயை மரத்திலேயே விட்டார். ஜூலையில் தோப்புக்குள் நடந்தால் காலடியில் எல்லாம் அழுகல், ஈ. வரவில் 30,000 குறைந்தது.

என் ஆலோசனையும் ஒரு இடத்தில் அடிவாங்கியது. அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. "அன்னிக்கு வித்த நாலு பவுன் இன்னிக்கு என்ன விலைடா?" என்று அக்கா கேட்டார். விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. எட்டு மாதத்தில் மிச்சமான வட்டி அதில் பாதிகூட இல்லை. நான் சொன்ன சமாதானம், விலை ஏறும் என்று யாருக்கும் தெரியாது என்பது. உண்மைதான், ஆனால் அக்கா முகத்துக்கு நேராகச் சொல்லும்போது அது அவ்வளவு கம்பீரமாக ஒலிக்கவில்லை.

மற்றபடி சீட்டு அக்டோபரில் முடிந்தது. வங்கி நகைக் கடன் 1,75,000-ஆகக் குறைந்திருக்கிறது. பைக் தவணை இந்த வருடம் முடியும். திட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, பழைய கம்பெனிப் பதிவில் வேறு. நான் கொடுத்த 50,000 எந்தப் பட்டியலிலும் இல்லை. சேர்த்தால் அப்புறம் அக்கா வீட்டில் சாப்பிட முடியாது.

மகள் 2025 ஜூலையில் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தாள், 22,000. முதல் சம்பளத்தன்றே, மொத்தத்தையும் கொடுத்தால் நகையை ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று மாமா ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன். வீட்டுக்கு 6,000, மீதி அவள் கணக்கில். வேலை மாறினால் பி.எஃப்.பை எடுக்காதே, மாற்றிக்கொள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். "அப்பா போர் போட்ட கதைதானே மாமா, தெரியும்" என்றாள்.

இந்தத் தை மாதம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. தரகர் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "பொண்ணுக்கு எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. "பதினாலு" என்றார். கையில் இருப்பது ஆறு. மாமா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.